ஒரு மூக்குத்தி, இரண்டு சோதனை: தாம்பரத்திலிருந்து பூக்கடை வரை

வைரம் வாங்குமுன் இரண்டு பரிசோதனைக் கூடங்களில் காட்ட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கட்டாயம் காட்டுங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அப்படித்தான் அலைந்தோம். அப்போது எனக்கு எழுதத் தெரியாது. இப்போதுதான் கற்றேன், மெல்லத்தான் சொல்வேன்.

பம்மல் தோல் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தாம்பரம் மார்க்கெட் நகைக்கடையில் பழைய ஒற்றைக்கல் மூக்குத்தி ஒன்று வந்திருந்தது. என் மனைவி கன்னியம்மா அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாம்பலத்தில் வைரம் சோதிப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். லென்ஸில் பார்த்து, "நல்ல வெள்ளை" என்றார்.

கடைக்காரர் தாராளமானவர். "மூணு நாள் போட்டு ராசி பாரும்மா. இன்னொருத்தர்கிட்டயும் காட்டிக்கோ. நாலாம் நாள் சாயங்காலம் முடிவு சொல்லிடணும், வேற பார்ட்டி காத்துகினு கீது" என்றார்.

மூன்று நாளும் நல்லதே நடந்தது. காணாமல் போன எங்கள் ஆடுகூடத் திரும்பி வந்துவிட்டது!

நாலாம் நாள் காலை மின்சார ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பூக்கடைப் பகுதிக்கு நடந்தோம். ஒரு மாடியறையில் இருந்த இரண்டாவது சோதிப்பவர் மூக்குத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லுல மஞ்ச ஓடுது. வாங்காதீங்க."

கன்னியம்மா படியிறங்கும்போது முந்தானையால் கண்ணையும் மூக்கையும் துடைத்தாள். சட்டென்று நின்றுவிட்டாள்.

"இன்னாம்மே?" என்றேன்.

"இத பாருய்யா!" முந்தானையெல்லாம் மஞ்சள்.

மறுபடி மாடிக்கு ஓடினாள். "சார், மஞ்ச கல்லுல இல்ல, என் மூஞ்சில கீது! தெனம் பூசிக் குளிக்கிறேனே!"

அவர் மூக்குத்தியைப் பூந்திக்கொட்டை நுரையில் ஊறவைத்தார். கல்லின் பின்புறத்தைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"வெள்ளைதாம்மா. இத்தன வருஷத்துல என்ன யாரும் இப்படி ஏமாத்தினதில்ல."

"நான் எங்க சார் ஏமாத்தினேன்? நீங்களா ஏமாந்துட்டு!"

இருட்டுவதற்குள் தாம்பரம் திரும்பி மூக்குத்தியை வாங்கிவிட்டோம்.

நீங்களும் போட்டுப் பார்த்த கல்லைக் கழுவிவிட்டுக் கொடுங்கள். இரண்டு சான்றிதழ்கள் வேறுபட்டால் உடனே கல்லைக் கைவிடாமல், ஏன் என்று கேளுங்கள்.

கன்னியம்மா மஞ்சளை விடவில்லை. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மூக்குத்தியைக் கழுவி நானே போட்டுவிடுகிறேன். முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக் காத்திருப்பாள். திருகாணி சரியாக ஏறவில்லை என்று சொல்லிக்கொண்டு, கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.