லேபிள் ஒட்டிய கல்யாணப் பத்திரிகை

ராஜம் மதித்த மனிதர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு விரல் மிஞ்சும். கல்கத்தாவில் கரியாஹாட் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள். மேனேஜர் பிமல் கோஷாலின் டையிலிருந்து அந்த ஊர் சாம்பார் வரை அவள் வாயில் விழுந்து எழுந்திருக்காதது எதுவுமில்லை.

2001-இல் மகள் பத்மஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த மகன் ஜெய்ராம், "இருநூறு கவர்லயும் நீ விலாசம் எழுதப் போறியாம்மா? லேபிள் அடிச்சுடறேன். அஞ்சு நிமிஷம்" என்றான்.

வேறு சமயமாயிருந்தால், "நீயும் உன் பெட்டியும் ஹூக்ளி ஆத்துல போய் விழுங்கோ" என்றிருப்பாள். அன்றைக்குச் சரியென்று தலையாட்டினாள்.

காரணம், கும்பகோணத்து அண்ணா வாஞ்சிநாதன். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க அவனை விட்டால் வேறு தாய்மாமன் கிடையாது. அவனுக்குப் போகும் பத்திரிகையில் மஞ்சள் தடவி, தங்கை கைப்பட நாலு வரி எழுதியாக வேண்டும். முதல் வரியை இறங்கிப்போய் எழுதுவதா? மிஷின் கூப்பிட்டதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பதினைந்தாம் நாள் ஒரு தபால் கார்டு வந்தது. 'ழ'வின் வாலை அடுத்த வரிவரை இழுத்துவிட்டிருந்த திமிரைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது.

"மகா கனம் பொருந்திய ராஜம் அம்மாளுக்கு, அடியேன் வீட்டுக்கு ஸ்ரீமான் பிமல் கோஷால் பெயரில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. அப்படியொருவர் இந்தத் தெருவிலேயே இல்லை. பெண்ணை அவரையே தூக்கச் சொல்லவும். வாஞ்சி."

ஜெய்ராம் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "பேரை மட்டும் வரிசைப்படுத்திட்டேன்மா. விலாசம் இருந்த இடத்துலயே நின்னுடுத்து."

"எத்தனை பேருக்கு?"

"எல்லாருக்கும்."

மாடி வீட்டு வங்காளி மாமி மாஷிமாவின் கவர் மாயவரம் போயிருந்தது.

"அஞ்சு நிமிஷத்துல இருநூறு பேர் மூஞ்சியில கரி! மனுஷக் கையால இவ்வளவு சாதிக்க முடியுமோ?"

"மாமாவுக்கு ஃபோன் பண்ணிடறேன்மா."

பண்ணினான். குரலைக் கேட்டதும் மாமா வைத்துவிட்டார்.

ராஜம் கார்டை மறுபடி எடுத்தாள். 'மகா கன'த்துக்கு முன்னால் ஏதோ எழுதி அடித்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். 'ராஜி.' அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் வேறு ஆளில்லை. எழுதிவிட்டு, ரோஷம் வந்து அடித்திருக்கிறான். லேபிளில் அடித்தல் திருத்தல் இருக்காதாம். அதுதான் அதன் பெருமையாம்! பெரிய பெருமை.

ஒரு கார்டில் எழுதினாள்: "அண்ணா, பிள்ளைமேல் தப்பில்லை. உனக்கு எழுத வெட்கப்பட்டு லேபிளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள் நான். நீ வராமல் பத்மஜாவை மணையில் உட்கார்த்த மாட்டேன்." 'வெட்கப்பட்டு' என்பதற்கு முன்னால் 'நேரமில்லாமல்' என்று எழுதியிருந்தாள். அதை அடித்தவள், நன்றாகத் தெரியும்படியே அடித்தாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் ஹௌராவில் வாஞ்சிநாதன் பெட்டியும் பூணூலுமாக இறங்கினார். தங்கையைப் பார்க்காமல் மருமானிடம் சொன்னார்:

"உங்கம்மா எழுத்தைப் படிச்சு முடிக்கவே மூணு நாள் ஆச்சுடா. இல்லேன்னா முன்னாடியே வந்திருப்பேன்."