அரிசிக் கடை மாடியில் பென்சீன்

நேற்று அரிசி வாங்கப் போன இடத்தில் புதுச் சாக்கின் வாசனை. சணலும் தவிடுமாக மூக்கில் ஏறியதும் எனக்குப் பென்சீன் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். எண்பதுகளின் கடைசியில், வேலை தேடித் தராத பி.எஸ்ஸி. பட்டத்தோடு நான் பாடம் நடத்திய டுடோரியல், ராஜபாளையத்தில் ஓர் அரிசிக் கடையின் மாடியில்தான் இருந்தது.

பிளஸ் டூ வேதியியலில் தவறிய ஆறு பெண்கள். மில்லில் ஷிஃப்ட் முடித்து, பின்னலில் பஞ்சோடு வருவார்கள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள். அதனால் நிற்கவைத்தே நடத்தினேன். அவர்களில் மம்சாபுரத்துப் பேச்சியம்மாளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவையும் போனால் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவளுக்கோ ஆசிரியர் பயிற்சியில் சேர ஆசை.

பென்சீன் வளையத்தில் ஆறு கார்பன், ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு. ஆனால் அது இன்ன இடத்தில்தான் என்று சுட்டிக்காட்ட முடியாது என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சிதான் கேட்டாள்.

“மொளப்பாரிக் கும்மி மாதிரியா சார்? வலப்பக்கத்துக்காரி கையில ஒரு தட்டு, பொறவு இடப்பக்கத்துக்காரி கையில ஒரு தட்டு?”

என் உச்சந்தலையில் ஏதோ பூத்தது. ஆறு பேரும் வட்டமாக நின்றார்கள். மெதுவாகத் தட்டியபோது ஜோடி தெரிந்தது. வேகம் ஏற ஏற யாருக்கு யார் ஜோடி என்பதே போய், வட்டம் மட்டும் மிஞ்சியது. வேதியியலில் இதற்குத்தான் உடனிசைவு என்று பெயர்!

கீழேயிருந்து கடைக்காரர் கத்தினார். “வாத்தியாரே, அரிசியில காரை உதிருது.”

“பாடம் நடக்குது அண்ணாச்சி.”

“நடக்கட்டும். அது ஏன் குதிக்குது?”

ஸ்ரீவில்லிபுத்தூரில் பரீட்சை. முடித்துவிட்டு வந்த பேச்சியின் முகம் வெளுத்திருந்தது.

“பென்சீன் வந்துச்சு சார். பாத்ததும் கை ரெண்டும் தன்னால எழும்பிருச்சு. டீச்சர், ‘ஏட்டி, யாருக்குச் சாடை காட்டுத?’ன்னு பேப்பரைப் பிடுங்கிட்டாவ.”

“பொறவு?”

“எந்திச்சு நின்னு கும்மி அடிச்சுக் காட்டுனேன். அவியளுக்குச் சிரிப்பு வந்துட்டு. பேப்பரைத் திருப்பித் தந்துட்டாவ.”

தேறிவிட்டாள். பயிற்சிப் பள்ளிக்கு அவளுடைய டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் இறக்கியவர் அந்தத் தாய்மாமன்தான். நல்ல மனுஷர்.

இப்போது அந்த மாடி இல்லை. தவறியவர்களுக்கென்று ஊரில் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. உள்ளே லிஃப்ட். ஜனங்கள் அசையாமல் நின்றபடியே மேலே போகிறார்கள்.