ப்ளஸ் முப்பது

இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்த்தது இல்லை. திண்டிவனத்தில் டேப் ரிக்கார்டர் ரிப்பேர் பார்க்கும் கோதண்டபாணியிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல மாட்டார். சட்டைப்பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

1988, பங்குனி மாதம். அவருடைய கூட்டாளி தேவநாதன் குவைத்திலிருந்து ஒரு பொம்மை விமானமும் அதை ஓட்டும் ரிமோட் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். பெட்டியில் சின்னத் திரை உண்டு. அதில் மிக்ஸிங் எண் போட்டால், இறக்கையைத் திருப்பும்போது வாலும் தானாகத் திரும்பும். ப்ளஸ் போட்டால் ஒரே பக்கம். மைனஸ் போட்டால் எதிர்ப்பக்கம். விமானம் தடுமாறி விழும். சில வாரம் எண் இல்லாமலே ஓட்டிய பிறகு, எண் போட்டுக் கொடுத்தது கோதண்டபாணிதான்.

அடுத்த ஞாயிறு விமானம் பெருமுக்கல் மலைமேல் போய் விழுந்தது. எடுக்க ஏறிய தேவநாதன் பாறையில் வழுக்கி இறந்துபோனார். கையிலிருந்த பெட்டியும் அடிபட்டு, போட்டிருந்த எண் அழிந்துவிட்டது. ப்ளஸ் போட்டோமா, மைனஸ் போட்டோமா? கோதண்டபாணிக்கு ஞாபகம் வரவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று.

காரியம் முடிந்த மறுவாரம் தேவநாதனின் மனைவி கிருஷ்ணவேணி விமானம், பெட்டி இரண்டையும் கடைக்குக் கொண்டுவந்தார்.

“ஓட்டிப் பாத்து சொல்லுங்கண்ணா. மெஷின் தப்பா, இன்னா தப்புன்னு. தெரியாம பேஜாரா இருக்குது.”

ப்ளஸ் போட்டும் விமானம் விழுந்தால், அது மெஷின் கோளாறு. கோதண்டபாணி தப்பித்தார். விழ வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார். வெட்கமாகவும் இருந்தது.

ஒடிந்த இறக்கையை ஒட்டினார். எண் மாற்றும்போது பெட்டியிலிருந்து கிரிஸ்டலைக் கழற்றி வைப்பது அவர் வழக்கம். நகம் அளவு துண்டுதான். அது இல்லாவிட்டால் திரை மட்டும் எரியும், சிக்னல் விமானத்துக்குப் போகாது. ப்ளஸ் 30 போட்டார். இரண்டு தரம் பார்த்துவிட்டு அணைத்தார்.

ஞாயிறு, மாலை 4.40. மலைக்குக் கீழே காய்ந்த ஏரி. பெட்டியிலிருந்த குச்சியை அசைத்தார், வால் அசைந்தது. இன்ஜின் ர்ர்ர்ர்... என்று பிடித்துக்கொண்டது.

4.44. விமானம் மேலே ஏறியது.

4.46. இடது பக்கம் திருப்ப நினைத்தார். கட்டைவிரலை இன்னும் அசைக்கவில்லை. அதற்குள் விமானம் திரும்பிவிட்டது...

4.47. குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஒரு சுற்று. இரண்டு. மூன்று...

“அவரும் இப்பிடித்தாண்ணா,” என்றார் கிருஷ்ணவேணி. “சிரிச்சிக்கினே மூணு சுத்து சுத்திட்டுத்தான் எறக்குவாரு.”



4.49. விமானம் தானாக இறங்கியது. கிருஷ்ணவேணியின் காலடியில் வந்து நின்றது.

“மெஷின் நல்லாத்தானே இருக்குது. அப்ப அன்னிக்கு இன்னா ஆச்சு?”

அவர் குனிந்து விமானத்தை எடுத்துக்கொண்டார்.

6.10. கடைக்கு வந்து சட்டையைக் கழற்றினார். பையிலிருந்து ஏதோ விழுந்தது.

டிக்...

கிரிஸ்டல்.

திரும்பப் போட மறந்திருக்கிறார். பெட்டியில் அதன் இடம் காலியாக இருந்தது.

சுவிட்சைப் போட்டார்.

திரையில் மைனஸ் 30.

கிருஷ்ணவேணியிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.