பன்னிரண்டுக்கு மேலே ஒன்பது

அந்த மனுஷனை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிடு என்று யாரும் கேட்கவும் இல்லை. கேட்டாலும் நடக்காது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். சனிக்கிழமைகளில், எங்கள் தேயிலைத் தோட்டம் இருந்த வட்டவளையில் பஸ் ஏறி ஹட்டனுக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவேன். ஒரு கடைக்கு மேலே, மாடியில் வகுப்பு. பாதிக்கு மேல் என்னைப் போலத் தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்ந்த லயத்துப் பிள்ளைகள்தான். சொல்லிக்கொடுத்தவர் டவுன்காரர். சேர் என்போம்.

ஜாவாஸ்கிரிப்ட் தொடங்கிய அன்று, பில்ட்-இன் ஃபங்ஷன் என்றால் என்ன என்று விளக்கினார். நாம் எழுத வேண்டியதில்லை, மொழிக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேலையை முடித்துத் தரும். அதுவரை சரி. பிறகு நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களுக்கு விளங்குற மாதிரி சொன்னா, பெரட்டுல உங்க அம்மாமார் மாதிரி. பேரக் கூப்பிட்டா வந்து நிப்பாங்க. ஏன்னு கேக்க மாட்டாங்க."

காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பதுதான் பெரட்டு. டவுன் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களில் இரண்டொரு வெட்கங்கெட்டதுகளும் சேர்ந்து சிரித்தன. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சில வாரம் கழித்து சோர்ட் என்ற ஃபங்ஷன். கொடுத்ததை ஒழுங்காக அடுக்கித் தரும் என்றார். நான் பரீட்சைப் புள்ளிகளைக் கொடுத்தேன். இருபத்தைந்துக்கு முன்னால் நூறு வந்து உட்கார்ந்தது. ஏன் சேர் என்று கேட்டேன். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பில்ட்-இன் ஃபங்ஷன் பிழை விடாது, பிழை உன் கையில்தான் என்றார்.

நானே தட்டித் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். சும்மா விட்டால் சோர்ட் இலக்கத்தையும் எழுத்தாகத்தான் பார்க்கும். முதல் எழுத்து எது என்றுதான் முதலில் பார்க்கும். ஒன்றில் தொடங்குவதால் பன்னிரண்டு அதற்கு ஒன்பதைவிடச் சின்னது. இதை எண்ணாகப் பார் என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். சேரிடம் நான் மூச்சு விடவில்லை. மாட்டட்டும் என்று காத்திருந்தேன்.

மாட்டுகிற நேரமும் வந்தது, அதுவும் எங்கள் தோட்டத்திலேயே. கொழுந்து பறிக்கும் போட்டி வைத்தார்கள். முடிவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுகிறேன் என்று துரையிடம் பெருமையடித்து, மெஷினை வேனில் ஏற்றி வந்தார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அதை வைத்து வயர் இழுத்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். வெறும் சோர்ட், அதைத் தலைகீழாகத் திருப்ப ஒரு ரிவர்ஸ். அவ்வளவுதான். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அம்மாவும் போட்டியில் இருந்தார். முதல் பரிசு, தேத்தண்ணி ஆறாமல் வைக்கும் ஒரு சுடுதண்ணிப் போத்தல். மலையில் குளிரில் நிற்கிறவருக்கு அதன்மேல் ரொம்ப ஆசை. தராசில் அம்மாவுக்குப் பன்னிரண்டு கிலோ. வேறு யாருக்கும் அவ்வளவு இல்லை. அம்மாவுக்கு முன்னால் கொழுந்தை நிறுத்த பக்கத்து லயத்து அக்காவுக்கு ஒன்பது. ஒன்பது ஜெயித்ததாக அறிவித்தால் கூட்டம் கத்தும், துரை கேட்பார், சேர் மானம் கப்பலேறும், போத்தலும் அம்மாவுக்கே வரும். இப்படித்தான் நான் மனக்கோட்டை கட்டினேன்.

அவர் மைக்கில் பெயரை மட்டும் வாசித்தார். கிலோவை வாசிக்கவே இல்லை. ஒன்பது கிலோ அக்கா முதலாவது. அம்மா முன்னால் போய், என் கொழுந்துதானே நிறை கூட என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குப் பிழை வராது அம்மா, போய் உட்காருங்க என்று சேர் மைக்கிலேயே சொன்னார். துரைக்கு அவசரம். போத்தலைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். வாயைத் திறக்கலாம் என்று நான் எழுந்தபோது வயரைக்கூடக் கழற்றிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பெரட்டுப் பேச்சையும் சேர்த்து. ஏச்சு விழும் என்று நினைத்தேன்.

"அந்தாளு தலகுனிஞ்சானா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"அப்ப என்ன மண்ணாங்கட்டிக்குடி வாயப் பொத்திக்கிட்டு இருந்த?"

அடுத்த சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போகவில்லை. கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். வகுப்பு நடுவில், நேராக உள்ளே போனார்.

"பேரக் கூப்பிட்டா வந்து நிப்போம்னு சொன்னீங்களாம் சேர். கூப்பிடாமயே வந்திருக்கேன். பன்னண்டு பெருசா, ஒம்பது பெருசா?"

கம்ப்யூட்டரையே கேட்போம், பெரியது மேலே வரும் என்று அவர் அதே சோர்ட்டையும் ரிவர்ஸையும் மிடுக்காகத் தட்டினார். திரையில் ஒன்பது மேலே, பன்னிரண்டு கீழே. வகுப்பே சிரித்தது. டவுன் பிள்ளைகளின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது. ஆஹா, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! காதுவரைக்கும் சிவந்து போனார்.

பன்னிரண்டுதான் பெரிது என்று வாய்க்குள் முனகினார். இதை எங்கள் ஆட்கள் முன்னால் வந்து சொல்லுங்கள், இல்லையென்றால் லயத்துப் பிள்ளை ஒன்றுகூட இந்த மாடி ஏறாது என்றார் அம்மா. நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றோம். அன்று சிரித்ததுகளும்தான்.

போத்தல் அந்த அக்காவிடமே இருந்தது. அதை அம்மா கேட்கவில்லை. மறு வாரம், பனி விலகாத காலையில், பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கங்காணி எல்லாப் பெயரையும் கூப்பிட்டு முடித்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தார்.

கடைசியாகச் சேரின் பெயரைக் கூப்பிட்டார். வந்து நின்றார்.