வட்டத்தின் அந்தப் பக்கம்

அம்மாவின் பெயர் பழனாத்தாள். சோமனூரில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டினாள். அப்பா இறந்த வாரமும் ஓட்டினாள்.

நாற்பத்து மூன்று வயதில் சர்க்கரை வந்தது. ஐம்பதில் இன்சுலின் ஊசி. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். "காலைல இருந்து மிஷினை மிதிச்சுட்டு, பொழுதோட ரோட்டுல சும்மா வேற நடக்கோணுமுங்களா?" என்று அவரிடமே கேட்டாள். நடக்கவில்லை. வள்ளி கும்மியில் சேர்ந்தாள்.

எங்கள் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் கும்மிப் பயிற்சி நடக்கிறது. முருகன் வள்ளியை மணந்த கதையை ஆசிரியர் மைக்கில் பாட, மற்றவர்கள் காலில் சலங்கை கட்டி வட்டமாகக் கைதட்டி ஆடுவார்கள். மூன்று மாதப் பயிற்சி. முடிவில் கோயில் மைதானத்தில் அரங்கேற்றம்.

பக்கத்து மிஷின் சீனியம்மாளையும் இழுத்துப் போனாள். "சாத்தூர்க்காரி காலு உங்க தாளத்துக்கு வருமாக்கா?" என்று சீனியம்மாள் கேட்க, "வராட்டி என்ற காலை மிதி, அது கூட்டிட்டுப் போவும்" என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவளுக்கு என் பெயர் வாயில் வரவில்லை. ரவிக்கை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. தேன் மிட்டாயை வாயில் திணித்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்து, "மதுமதி" என்றாள்.

"இனிப் போக வேண்டாம்மா."

"இத்தன வருசம் குனிஞ்சே இருந்துட்டேன் கண்ணு. ஒருக்கா நிமிந்து ஆடிப் பாக்கறேன். அரங்கேத்தம் வரைக்குமாச்சும்."

நான் தினமும் கோயம்புத்தூருக்குப் போய்வந்து மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். இன்சுலின் போடுகிறவர்கள் ஆடினாலோ ஓடினாலோ சர்க்கரை எப்போது சரியும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். போட்ட ஊசி, சாப்பிட்ட நேரம், ஆட்டத்தின் வேகம், முந்தின நாள் களைப்பு, எல்லாம் சேரும். அம்மாவின் கையில் ஒரு சென்சார் ஒட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது அளந்து அவள் போனுக்கு அனுப்பும். அரை மணி நேரம் கழித்து எவ்வளவு இருக்கும் என்று என் புரோகிராம் சொல்லும். எழுபதுக்குக் கீழே போகும் என்று தெரிந்தால் போன் கத்தும். அம்மா வட்டத்தை விட்டு வந்து இரண்டு மிட்டாய் தின்று திரும்புவாள்.

சென்சார் ஒட்டிய பிறகு நடந்த நாற்பத்தொரு நாள் பயிற்சியில் ஒன்பது முறை எச்சரித்தது. எட்டு முறை சரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு குறை இருந்தது. சென்சாரிலிருந்து போனுக்கு இருபது அடிதான் எட்டும். போன் மைக்குப் பக்கத்தில் பையில் கிடக்கும். அம்மா வட்டத்தின் அந்தப் பக்கம் போனால் சிக்னல் அறுந்துவிடும். பத்து நிமிடம் சிக்னல் வராவிட்டாலும் கத்தும்படி எழுதியிருந்தேன். இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். "செங்கல்லக் கட்டிட்டு ஆடறதா?" என்றாள்.

ஆசிரியர் வேல்குமார் ஒருநாள் பாட்டை நிறுத்தி மைக்கிலேயே கேட்டார்: "பழனக்கா, உங்க போனு எனக்குப் பின்பாட்டு பாடுதுங்க. அதுக்கும் ஒரு சேலை எடுத்துருவோமுங்களா?" அறுபது பேர் சிரித்தார்கள்.

அம்மா அன்று முகம் சிவந்து வந்தாள். "மானம் போவுது கண்ணு. அதைய வாய மூடச் சொல்லு."

ஒரு வரியை மாற்றினேன். சிக்னல் இல்லாவிட்டால் கத்த வேண்டாம். கடைசியாகச் சொன்னதையே திரையில் காட்டிக்கொண்டிரு.

அரங்கேற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. நானூறு பேர். ஒன்றுக்குள் ஒன்றாக நாலு வட்டம். அம்மா வெளிவட்டத்தில், பச்சைச் சேலையில், பக்கத்தில் சீனியம்மாள். அவளுடைய போனை நான் வைத்திருந்தேன். அதிலேயே வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தாள். மிட்டாய்ப் பொட்டலமும் என்னிடம்தான்.

பயிற்சி ஒருநாளும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியதில்லை. அன்று மூன்றாவது மணி ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு மணியை என் புரோகிராம் பார்த்ததே இல்லை.

மேளம் வேகமெடுத்தபோது அம்மா மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். அடி தவறியது. கை தட்டாமல் மேலே நின்றது. கண் ஓரிடத்தில் நிலைத்துவிட, உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. யாரோ கூவினார்கள்: "சாமி வந்துருச்சு! வழி விடுங்க!" சுற்றி இருந்தவர்கள் விலகினார்கள். ஒருவர் திருநீறு பூசினார். மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள்.

நான் திரையைப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. பயமில்லை என்று பச்சை நிறம். அதன் கீழே, இருபத்திரண்டு நிமிடத்துக்கு முந்தையது என்று சிறிய எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தின் அளவை முடிவு செய்தவள் நான்.

அம்மாவுக்கு அதுவரை ஒருமுறைகூடச் சாமி வந்ததில்லை. அன்று வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். நெருக்கமாகக் காட்டி வீடியோ எடுத்தேன். ஆறு நிமிடம் பத்து நொடி.

அம்மா விழுந்தாள். ஓடினேன். இருபது அடிக்குள் போனதும் சென்சார் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போனில் இறங்கியது. நூற்றொன்று. எண்பத்து நான்கு. அறுபத்தொன்பது. ஐம்பத்தைந்து. நாற்பத்து நான்கு. முப்பத்தாறு. நடக்கப்போவதைச் சொல்ல எழுதிய புரோகிராம், நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டுக் கத்தத் தொடங்கியது.

மிட்டாயைப் பிய்த்து ஈறில் தேய்த்தேன். எச்சிலோடு வெளியே வந்தது. ஆம்புலன்ஸில் இதயம் ஒருமுறை நின்றது. திரும்ப ஓட வைத்தார்கள். அம்மா திரும்பவில்லை. கண் திறக்காமலே ஒன்பதாம் நாள் போனாள்.

பதினாறாம் நாள் சீனியம்மாள் வந்தாள். "கையப் பிடிச்சேன் பாப்பா. உதறிட்டா. சாமிய எப்பிடிப் பிடிக்கன்னு விட்டுட்டேன். நான் படிக்காத கழுதை."

"நானும் சாமின்னுதாங்க நினைச்சேன்" என்றேன். அவள் அதை நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக் கன்னத்தைத் தடவினாள்.

அவள் போன பிறகு அந்த வரியைப் பழையபடி மாற்றினேன். அன்றைய அளவுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். அடி தவறுவதற்குப் பன்னிரண்டு நிமிடம் முன்பே போன் கத்தியிருக்கும். என் கையிலேயே. மைதானத்தைக் கடக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

அம்மாவின் போன் இப்போது என் மேஜையில் இருக்கிறது. சிக்னல் இல்லை என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கத்துகிறது. நான் நிறுத்தவில்லை.