டேங்க்காரரின் தெளிந்த தண்ணீர்

முதுகில் மருந்து டேங்க் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் பெயரே டேங்க்காரர் என்று ஆகிவிட்டது. களைக்கொல்லி அடிக்கக் கூப்பிட்டால், வீட்டிலிருந்து இரண்டு டிரம் தண்ணீரும் கூடவே வரும். வாய்க்கால் தண்ணீரைத் தொடமாட்டார். கலங்கல் தண்ணீரில் மருந்து வீரியம் இழந்துவிடும் என்பார். அது உண்மைதான். ஆனால் தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் என்று நினைத்தாரே, அங்கேதான் சறுக்கினார்.

அந்தப் பருவத்தில் அவர் மருந்தடித்த நாலு வயலிலும் கோரைக் களை சாகாமல் சிரித்துக்கொண்டு நின்றது. வயல்காரர்கள் முகம்கொடுத்துப் பேசவில்லை. இருபது வருடமாகச் சேர்த்த பெயராயிற்றே! மனிதருக்குக் கோபம் தலைக்கேற, நேராக மருந்துக் கடைக்குப் போனார். கடை தங்கை புருஷனுடையது.

"போலி மருந்தா விக்கிற மாப்ள? சொந்த மச்சான் தலையிலயே கை வெச்சிட்டியே!"

"சீல் உடைக்காத பாட்டில் மச்சான். நீங்கதானே பிரிச்சீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டதை யார் காதில் வாங்கினார்கள்? கடைத்தெருவே கூடிவிட்டது. மறுவாரத்திலிருந்து மாப்பிள்ளை கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் டேங்க்காரரின் மனைவி அவர் சட்டையை வாளியில் விட்டெறிந்தாள். "புது போர் தண்ணியில சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. நாலு மாசமா சொல்றேன், காதுல போட்டுக்கிறீங்களா?"

நாலு மாதம். களை சாகாமல் போனதும் அப்போதிருந்துதான். டிரம்மில் அவர் நிரப்பிப் போனதும் அந்த போர் தண்ணீரைத்தான்.

மிச்சமிருந்த மருந்தில் ஒரு பங்கை மழைத் தண்ணீரிலும் ஒரு பங்கை போர் தண்ணீரிலும் கலந்து, வீட்டுக்குப் பின்னால் தனித்தனியாக அடித்தார். பதினைந்தாம் நாள் மழைத் தண்ணீர் பட்ட களை காய்ந்து கிடந்தது. மற்றது பச்சைப் பசேலென்று இருந்தது. போர் தண்ணீரிலிருந்த சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து முடக்கிப் போட்டிருக்கிறது.

அதன்பிறகு மூன்று நாள் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலாம் நாள் தங்கை வீட்டுக்குக் கொல்லைப்புறமாகப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மருந்துல தப்பில்லம்மா. என் தண்ணியிலதான்" என்று முணுமுணுத்தார். "மாப்ளகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"திட்டுனப்ப தெருவே கேட்டுது. இதை மட்டும் ஏண்ணே கொல்லைப்பக்கமா வந்து சொல்ற?"