மேனகா கேட்ட வெளிச்சம்

ஏற்காட்டில் ஒரு கல்லூரி. அதன் மாணவர் சேவைக் கட்டடத்துக்குப் பூச்சே கிடையாது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கட்டியவர்கள் கான்கிரீட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அதுதான் நாகரிகமாம். மழையும் பனிமூட்டமும் குடித்துக் குடித்து அது கறுத்துப் பாசி பிடித்துவிட்டது. பட்டாளத்துப் பதுங்குகுழி மாதிரி இருக்கிறதென்று பிள்ளைகள் அதற்கு ‘பங்கர்’ என்று பேர் வைத்தார்கள்.

பக்கத்துத் தலைச்சோலை ஊர்க்காரி மேனகாவுக்கு அங்கே மாணவர் ஆலோசகர் வேலை. நடையின் கடைசியில், இரண்டு திருப்பம் தாண்டி, சன்னலே இல்லாத அறை. சுவர் கசியும், பகலிலும் விளக்கு எரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து புலம்பினாள். கட்டடத்தை இடிக்காமல் மாற்றியமைக்க வந்த என்ஜினீயர் கார்த்திக், “உங்களுக்கு என்னங்க வேணும்?” என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

“வெளிச்சம் வேணுங்க. நொம்ப நாளா இருட்டுலயே உக்காந்துட்டேன்.”

கேட்டது கிடைத்தது. உள்சுவர்களை அறுத்தெடுத்து, ஃபீஸ், பஸ் பாஸ், சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் மேனகாவுக்குக் கண்ணாடி அறை. பூரித்துப்போய் அக்காவைக் கூட்டிவந்து காட்டினாள். அதன்பிறகு ஒரு மாதம் பிள்ளைகள் யாரும் அவளிடம் வரவில்லை. அவர்களுக்குக் கவலையெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாளே, அதை என்னவென்று சொல்வது!

பழைய அறைக்கு வாராவாரம் வந்து அழுதவள் இன்பமேரி, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பெண். படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்க வீட்டில் பேச்சு. அவளுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. “யாருக்கும் தெரிய வேண்டாங்க மேடம்” என்பாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் கூடத்து வாசலில் தயங்கி நின்றாள். மேனகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவைத் திறந்து கையை ஆட்டி, “வா கண்ணு, வா!” என்று கூப்பிட்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது. சான்றிதழ் வரிசையில் நின்ற இன்பமேரியின் சித்தப்பாவும் திரும்பினார்.

“ஏங்கண்ணு, இங்க எதுக்கு வந்தே?”

“பஸ் பாஸுக்குங்க சித்தப்பா.”

“இனி பாஸ் எதுக்கு சாமி? உங்கப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு. டி.சி. வாங்கத்தான் வந்திருக்கேன்.”

மேனகா அறையை விட்டு ஓடிவந்து, அத்தனை பேர் நடுவிலும் கேட்டுவிட்டாள்: “இன்பமேரி, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா?”

“ஒண்ணுமில்லீங்க மேடம்.”

வரிசை நகர்ந்தது. சித்தப்பா ஓரடி முன்னே போனார். பக்கத்தில் தலை குனிந்தபடி அவளும் போனாள். மேனகா தன் அறைக்குத் திரும்பினாள். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.